235 நாளும் ஆறு பே ஸ்லிப்பும்: ஒரு ஸ்பௌஸ் விசாவைப் புதுப்பித்த கதை

2024 தீபாவளி மத்தியானம் குரோம்பேட்டையில் சித்தி வீட்டில் சாப்பாடு முடிந்து ஆளுக்கொரு மூலையில் சாய்ந்திருந்தோம். சித்தப்பா மட்டும் சுவரிலிருந்த மாதக் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பேனாவால் புள்ளி வைத்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "பாப்பா லண்டன்லேருந்து வந்து இன்னியோட 235 நாள் ஆச்சுப்பா. 180 தாண்டினா விசா போயிடும்னு சொல்றாங்களே" என்றார். அடுப்படியிலிருந்த சித்தி காதில் இது விழுந்ததும் வீடே கலகலப்பு அடங்கி உட்கார்ந்துவிட்டது.

பாப்பா என்பது என் சித்தி மகள். முப்பதைத் தாண்டிவிட்டாலும் வீட்டில் பாப்பாதான், பெயர் போடாதே அண்ணா என்று அவளே சொல்லிவிட்டதால் இங்கேயும் பாப்பாவாகவே இருக்கட்டும். மாப்பிள்ளை பெரம்பூர்க்காரர், படிக்கப் போய், வேலை கிடைத்து, அங்கேயே பிரிட்டன் குடியுரிமையும் வாங்கியவர். நான் அசோக் நகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருபது வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன், அதனால் குடும்பத்தில் காகிதம் என்று எது வந்தாலும் என் தலையில்தான் கட்டுவார்கள். இதுவும் அப்படித்தான் வந்தது. எட்டு மாதம் இதோடு குடித்தனம் நடத்திய பிறகு, இதே நிலைமையில் இருக்கும் இன்னொரு வீட்டுக்கு உதவட்டும் என்று முழுசாக எழுதி வைக்கிறேன்.

நிலைமை இதுதான். 2022 மே மாதம் சென்னையில் கல்யாணம். அக்டோபர் 5, 2022 முதல் 33 மாதத்துக்கு ஸ்பௌஸ் விசா (பிரிட்டன் குடிமகனின் மனைவி என்ற முறையில் கிடைக்கும் விசா), அதாவது ஜூலை 5, 2025 வரை. நவம்பர் 2 அன்று பாப்பா லண்டன் போய் இறங்கினாள், கொஞ்ச நாளில் ஒரு சின்ன லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலையும் கிடைத்தது. 2024 பிப்ரவரியில் மாப்பிள்ளையின் கம்பெனி அவரை ஒரு வருடத்துக்குச் சென்னைக்கு அனுப்பியது. நம்மூர் ஐடி பிள்ளைகள் ஆன்சைட் கிடைக்காதா என்று தவம் கிடக்கிறார்கள், இவரை ஆன்சைட்டிலிருந்து ஓஎம்ஆருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொந்த ஊர், அப்பா அம்மா பக்கத்தில், வாடகை மிச்சம் என்று அவரும் சந்தோஷமாகத்தான் வந்தார். மார்ச் 10 அன்று பாப்பாவும் வேலையை விட்டுவிட்டு, வெம்ப்ளியில் இருந்த வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டு வந்து சேர்ந்தாள். ஒரு வருடம் என்றது அப்புறம் 2025 ஜூலை கடைசி வரை என்று நீண்டது. இருவருக்கும் சென்னை ஊர்தான், ஆனால் பிரிட்டன் விசா விதியின் கண்ணுக்கு இது "வெளிநாட்டு வேலை". இந்த ஒரு விஷயம் எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை.

முதலில் அந்த 180 நாள் பயத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. அந்த எண் எங்கிருந்தோ முளைத்ததில்லை, உண்மையான விதிதான், வேறு விசாவுக்கு உரியது. ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர் நிரந்தரக் குடியிருப்புக்குப் போகும்போது எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. சென்னையிலிருந்து வேலைக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் அந்த விசாவில்தான் போகிறார்கள், அதனால் யாரைக் கேட்டாலும் அதையே சொல்கிறார்கள். ஸ்பௌஸ் விசா குடியேற்ற விதிகளில் அப்பெண்டிக்ஸ் எஃப்.எம். என்ற பகுதியில் வருகிறது, அதில் புதுப்பிப்பதற்கு இத்தனை நாள் என்று ஒரு எண்ணே கிடையாது.

எண் இல்லை என்றதும் சித்தி சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நான் உடனே கும்பிட வேண்டாம் சித்தி என்றேன். எண் இல்லாத விதி எண் இருக்கிற விதியை விடக் கொஞ்சம் வழவழப்பானது. அவர்கள் பார்ப்பது, இருவரும் பிரிட்டனில் நிரந்தரமாகச் சேர்ந்து வாழும் எண்ணத்தோடு இருக்கிறார்களா என்பதை. இடையில் வெளியே போயிருந்தால் அதற்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும். வேலை, பயிற்சி, படிப்பு, விடுமுறை எல்லாம் நியாயமான காரணம் என்று பிரிட்டன் உள்துறையின் வழிகாட்டியே சொல்கிறது. ஆனால் விசாக் காலத்தில் பெரும்பகுதியை இருவரில் ஒருவராவது வெளியே கழித்திருந்தால், இவர்களுக்கு உண்மையிலேயே இங்கே வாழும் எண்ணம் உண்டா என்று சந்தேகப்பட இடமிருக்கிறது என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. பாப்பாவின் கணக்கில் 33 மாதத்தில் ஒன்பது மாதம் கூட வெளியே வராது. மாப்பிள்ளை கணக்குதான் உதைத்தது. அவர் 2024 பிப்ரவரி முதல் வேலை முடியும் வரை சென்னையில் என்றால் பாதிக்குப் பாதி. விசா பாப்பாவுடையது, குடியுரிமை உள்ளவர் எத்தனை நாள் எங்கே இருந்தால் என்ன என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அவருடைய நாட்களும் இதில் எண்ணப்படும்.

சரி, இதற்கு ஒரு கடிதமும் கம்பெனியின் உத்தரவும் வைத்துச் சமாளித்துவிடலாம் என்று தோன்றியது. அன்று சாயங்காலம் மாப்பிள்ளையிடம் சும்மா ஒரு கேள்வி கேட்டேன். ஆடிட்டர் ஆபீஸ் பழக்கம், யாரைப் பார்த்தாலும் வாயில் வரும் கேள்விதான். "மாப்ள, உங்க சம்பளம் இப்ப எந்த ஊர்ல போடறாங்க?"

"இந்தியாலதான் மச்சான். இங்க இருக்கற கம்பெனி பேரோலுக்கு மாத்திட்டாங்க. பிஎஃப் எல்லாம் பிடிக்கிறாங்க."

அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஸ்பௌஸ் விசாவுக்கு வருமானம் காட்ட வேண்டும். ஏப்ரல் 11, 2024 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு வருடம் 29,000 பவுண்டு. அதற்கு முன்பே விண்ணப்பித்து அந்த வழியில் போனவர்கள் அதே துணையோடு புதுப்பிக்கும்போது பழைய 18,600 பவுண்டே போதும். பாப்பா 2022இல் போனதால் 18,600. தொகை சின்னதுதான். மாப்பிள்ளை லண்டனில் வாங்கியது 41,000 பவுண்டு. சென்னையில் அவருக்கு 22 லட்சம் ரூபாய். அப்போதைய மதிப்பில் பவுண்டு 107 ரூபாய் என்று வைத்தால் 20,500 பவுண்டு சொச்சம். 18,600க்கு மேல் இருக்கிறதே, போதாதா என்று மாப்பிள்ளை கேட்டார். போதாது. அங்கே இருந்து புதுப்பிக்கும்போது சம்பளத்தை வைத்துத் தேறுவதற்கான விதி, விண்ணப்பத் தேதியில் "பிரிட்டனில்" சம்பள வேலையில் இருக்க வேண்டும், இப்போதைய முதலாளியிடம் குறைந்தது ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும், அந்த ஆறு மாதமும் அந்த அளவு சம்பளம் வந்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. இங்கே பிஎஃப் பிடித்து, டிடிஎஸ் கழித்து, ரூபாயில் வரும் பே ஸ்லிப்பை நீட்டி இது பிரிட்டன் வேலை என்று எப்படிச் சொல்வது?

சித்தப்பா காலண்டரில் எண்ணியது நாளை. எண்ண வேண்டியிருந்தது பே ஸ்லிப்பை.

இன்னொன்றையும் அன்றே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்: புதுப்பிக்கும் விண்ணப்பத்தைப் பிரிட்டனுக்குள் இருந்துதான் போட முடியும். விண்ணப்பிப்பவர் மட்டும் இருந்தால் போதாது, துணைவரும் அங்கே இருக்க வேண்டும் என்று விதி. சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் போட்டுவிடலாம் என்று மாப்பிள்ளை நினைத்திருந்தார், எல்லாமே ஆன்லைன்தானே என்று. தேதி முடியும்போது பாப்பா சென்னையில் இருந்தால் புதுப்பிப்பு என்ற பேச்சே இல்லை. முதல் தடவை போட்டது போல மறுபடி இங்கிருந்து புது விசாவுக்குப் போட வேண்டும், திரும்பக் காசநோய்ப் பரிசோதனை, அதோடு 29,000 பவுண்டு கணக்கு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் துணைவர் மனைவியோடு பிரிட்டன் திரும்புவதாக இருந்தால், இப்போதைய வெளிநாட்டுச் சம்பளமும் அந்த அளவு இருக்க வேண்டும், திரும்பிய மூன்று மாதத்துக்குள் தொடங்கும் பிரிட்டன் வேலைக்கான கடிதமும் வேண்டும். 29,000 பவுண்டு என்றால் 31 லட்சம் ரூபாய். 22 லட்சம் சென்னையில் நல்ல சம்பளம்தான், ஆனால் அங்கே அது தேறாது. ஐந்து வருடம் இந்த விசாவில் முடித்தால் கேட்கலாம் என்ற நிரந்தரக் குடியிருப்புக் கணக்கும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆக, ஜூலை 5 என்ற தேதியை விட்டால் இரண்டரை வருட உழைப்பு தண்ணீரில் போனது போலத்தான்.

வழி என்ன என்று பார்த்தோம். உண்மையில் மூன்றே மூன்றுதான் தெரிந்தது.

முதலாவது சேமிப்பு. சம்பளமே காட்டாமல் சேமிப்பை மட்டும் காட்டித் தேறலாம், அதற்கு ஒரு சூத்திரம் உண்டு: குறைகிற தொகையை இரண்டரையால் பெருக்கி, 16,000 கூட்ட வேண்டும். 18,600க்கு அது 62,500 பவுண்டு, கிட்டத்தட்ட 67 லட்சம் ரூபாய். அந்தப் பணம் ஆறு மாதம் இவர்கள் கையில் இருந்திருக்க வேண்டும். சித்தி உடனே கூடுவாஞ்சேரி மனையை விற்றுவிடலாம் என்றார். கேட்டதும் எனக்கே தொண்டை அடைத்தது, சித்தப்பா ரிட்டையர்மெண்ட் பணத்தில் வாங்கிய மனை அது. ஆனால் உபயோகமில்லை. சொத்து விற்ற பணத்துக்கு ஆறு மாதக் காத்திருப்பு வேண்டாம் என்று ஒரு சலுகை இருக்கிறது, அந்தச் சொத்து விண்ணப்பிப்பவர் பெயரிலோ துணைவர் பெயரிலோ இருந்திருந்தால்தான் அது பொருந்தும். மனை சித்தப்பா பெயரில். அவர் விற்றுப் பரிசாகக் கொடுத்தால் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதம். அப்படியென்றால் டிசம்பருக்குள் விற்றுப் பணம் கணக்கில் ஏற வேண்டும். பட்டா, வில்லங்கம், வாங்குகிறவரின் பேங்க் லோன் எல்லாம் தாண்டி இரண்டு மாதத்தில் மனை விற்கிற ஊரா இது?

இரண்டாவது, மாப்பிள்ளை ஜனவரிக்குள் லண்டன் திரும்பி அங்கே ஆறு மாதச் சம்பளம் வாங்குவது. கேட்டுப் பார்த்தார். கிளையண்ட் விட மாட்டான் என்று மேனேஜர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மூன்றாவதுதான் பாப்பாவே கண்டுபிடித்தது. முதல் விசா போடும்போது மனைவியின் வருமானத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், குடியுரிமை உள்ளவர் வருமானம்தான் கணக்கு. புதுப்பிக்கும்போது அப்படியில்லை. ஸ்பௌஸ் விசாவில் வேலை செய்ய அனுமதி இருப்பதால், பிரிட்டனில் அவள் சம்பாதிப்பதும் சேரும், அது மட்டுமே 18,600ஐத் தொட்டாலும் போதும். "நான் போய் வேலை பாக்கறேன் அண்ணா. ஆறு மாசம்தானே" என்றாள். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே. புருஷன் சென்னையில், பெண்டாட்டி லண்டனில், அதுவும் சேர்ந்து வாழ்வதற்கான விசாவைக் காப்பாற்றுவதற்காக. பெரம்பூர் வீட்டில் மாமியார் இதை ஏற்கவே இரண்டு வாரம் ஆனது, அந்த இரண்டு வாரத்தில் என் போன் சூடு ஆறவில்லை. பிரச்சினை யாருடைய தப்பு என்பதில் போய் நின்றது. வேலைக்காக வந்தது மாப்பிள்ளை, வேலையை விட்டது பாப்பா, வா வா என்று கூப்பிட்டது இரண்டு பக்கத்துப் பெரியவர்களும். அதை விடுங்கள்.

வக்கீல் ஒருவரிடமும் கேட்டோம். வருமானம் தேறாவிட்டாலும் மனித உரிமை அடிப்படையில் பத்து வருட வழி என்று ஒன்று உண்டு, தேவைப்பட்டால் பார்க்கலாம் என்றார். ஐந்து வருடத்தில் முடிவதைப் பத்து வருடமாக்குவது கடைசி வழியாக இருக்கட்டும் என்று வைத்துவிட்டோம்.

பழைய கம்பெனியில் பாப்பாவைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். முதலில் மணிக்கணக்குக் கூலியில் வா, வேலை இருக்கும்போது கூப்பிடுகிறோம் என்றார்கள். அவள் விடாப்பிடியாக நின்று வருடம் 24,000 என்று நிலையான சம்பளம் பேசினாள், மாதம் 2,000. இது முக்கியம். ஆறு மாதத்தில் மிகக் குறைந்த மாதம் எதுவோ அதை வைத்துத்தான் வருடச் சம்பளத்தைக் கணிக்கிறார்கள். ஒரு மாதம் குறைந்தால் மற்ற ஐந்தும் வீண்.

டிசம்பர் 2, திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். டிக்கெட் நவம்பர் 30. சென்னைக்காரர்களுக்கு அந்தத் தேதி ஞாபகம் இருக்கும், ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தையே மூடினார்கள். குரோம்பேட்டையிலிருந்து விமான நிலையம் கூப்பிடு தூரம், ஆனால் அன்று தெருவில் முழங்கால் தண்ணீர், பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போக மாப்பிள்ளை தயாராக நின்றார், போயும் பிரயோஜனமில்லை. டிக்கெட்டை மாற்றி அவள் லண்டனில் இறங்கியது டிசம்பர் 8. கம்பெனியில் இடையில் வேறு ஏற்பாடு செய்துவிட்டதால் 16ஆம் தேதி வா என்றார்கள்.

இரண்டு வாரம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். டிசம்பர் 2இல் சேர்ந்திருந்தால் டிசம்பர் முதல் மே வரை ஆறு பே ஸ்லிப், ஜூன் மாதத்தை நிதானமாகப் பேப்பர் சேர்க்க வைத்துக்கொண்டிருக்கலாம். 16இல் சேர்ந்ததால் ஆறு மாதம் முடிவதே ஜூன் 16, டிசம்பர் சம்பளம் அரைகுறை, முழுசான ஆறு என்றால் ஜனவரி முதல் ஜூன் வரை. ஜூன் சம்பளம் வருவது 27ஆம் தேதி. விசா முடிவது ஜூலை 5, சனிக்கிழமை. நடுவில் எட்டே நாள். யாராவது ஒருவர் லீவு போட்டால் போதும், எல்லாம் கவிழும்.

அந்த ஆறு மாதத்தில் எங்களை அதிகம் படுத்தியது பணமில்லை, பெயர். நம் ஊர்ப் பெயர் வைக்கிற முறையும் அவர்கள் படிவமும் ஒத்தே போகாது. பாஸ்போர்ட்டில் அவள் பெயருக்குப் பின்னால் சர்நேம் இடத்தில் சித்தப்பா பெயர். கம்பெனி பேரோலில், கல்யாணமான பெண் என்று யாரோ அவர்களாகவே மாப்பிள்ளை பெயரைச் சர்நேம் ஆக்கிவிட்டார்கள். பேங்க் கணக்கிலோ வெறும் இனிஷியல். பே ஸ்லிப்பில் இருக்கும் பெயரும் பணம் வந்து விழுந்த பேங்க் ஸ்டேட்மெண்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டும் மூன்றும் மூன்று ஆளாகத் தெரிந்தன. பிப்ரவரியில்தான் இதைக் கவனித்தேன், அதுவும் தற்செயலாக, அவள் அனுப்பிய ஸ்லிப்பைப் பார்த்து "யாருடா இந்தம்மா" என்று யோசித்தபோது. மார்ச்சிலிருந்து பேரோலில் திருத்தினார்கள். முந்தைய ஸ்லிப்புகளுக்கு, இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று கம்பெனி கடிதத்திலேயே ஒரு பத்தி எழுதி வாங்கினாள். எப்படியும் வேலை, சம்பளம், சேர்ந்த தேதி, நிரந்தர வேலையா என்பதைச் சொல்லும் கடிதம் ஒன்று கட்டாயம் வேண்டும், அதிலேயே இதையும் சேர்த்தாயிற்று. சென்னையில் இருப்பவர்கள் முதல் விசாவுக்கே பெயரை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு போவது உத்தமம், அங்கே போய் எதைத் திறந்தாலும் அது ஒட்டிக்கொண்டே வரும்.

அப்புறம் சேர்ந்து வாழ்ந்ததற்கான அத்தாட்சி. கடந்த இரண்டு வருடத்தில் பரவலாக, குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து, இருவருக்கும் ஒரே முகவரிக்கு வந்த ஆறு கடிதம் கேட்கிறார்கள். 2024 மார்ச் வரை வெம்ப்ளி வீட்டின் கவுன்சில் டாக்ஸ், கரண்டு பில் எல்லாம் இருந்தன. அதற்கப்புறம் பெரம்பூர் வீடு. அங்கே கரண்டு பில், சொத்து வரி, காஸ் எல்லாம் மாப்பிள்ளையின் அப்பா பெயரில். நம் வீடுகளில் மருமகள் பெயரில் எந்த பில் வருகிறது சொல்லுங்கள். தேடித் தேடி எடுத்தது: இங்கே இருவரும் சேர்ந்து தொடங்கியிருந்த வங்கிக் கணக்கின் ஸ்டேட்மெண்ட், மாப்பிள்ளை கம்பெனி போட்ட மருத்துவக் காப்பீட்டில் பாப்பாவை மனைவியாகச் சேர்த்திருந்த தாள், பெரம்பூர் முகவரிக்கு வந்த இன்ஷூரன்ஸ் கடிதங்கள். 2025 ஜனவரியில் அவள் லண்டனில் ஒரு சின்ன ஃபிளாட் எடுத்தபோது வாடகை ஒப்பந்தத்திலும் கவுன்சில் டாக்ஸிலும் இருவர் பெயரையும் போடச் சொன்னேன். அவர் அங்கே இல்லையே அண்ணா என்றாள். வரப் போகிறவர்தானே, வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லியே போடு என்றேன். போட்டாள். மாப்பிள்ளையும் பிப்ரவரியில் மூன்று வாரம், ஏப்ரலில் பத்து நாள் அங்கே போய் இருந்துவிட்டு வந்தார், அந்த போர்டிங் பாஸ்களையும் வைத்தோம்.

டிசம்பர் முதல் ஜூன் வரை இருவரும் பெரும்பாலும் தனித்தனியாக இருந்ததை மறைக்கவில்லை. இதில் எனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு சின்ன உரசல். கேட்டால் சொல்லலாம், நாமாக எதற்குச் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. பாஸ்போர்ட்டில் சீல் இருக்கிறது, சம்பளம் சென்னையில் இருக்கிறது, இன்கம் டாக்ஸ் இங்கே கட்டியிருக்கிறீர்கள், எதை மறைக்கப் போகிறீர்கள் என்றேன். கடைசியில் இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம்: எந்தத் தேதியில் யார் எங்கே இருந்தார்கள், ஏன், கம்பெனி எப்போது அனுப்பியது, எப்போது நீட்டித்தது, எப்போது திரும்புகிறார். கூடவே கம்பெனியின் அனுப்பிய உத்தரவு, நீட்டித்த உத்தரவு, ஆகஸ்ட் 1 முதல் லண்டன் அலுவலகத்தில் பழைய பதவி என்று ஒரு கடிதம். பெரும்பகுதி வெளியே இருந்தால் சந்தேகம் வரும் என்று விதியே சொல்லும்போது, சந்தேகம் வரும் இடத்தில் நாமே முதலில் போய் நிற்பதுதான் சரி என்று எனக்குப் பட்டது. இப்போதும் அதே அபிப்பிராயம்தான்.

ஆங்கிலத் தேர்வு பெரிய விஷயமில்லை. முதல் விசாவுக்குச் சென்னையில் ஏ1 என்ற அடிப்படை நிலைத் தேர்வு எழுதியிருந்தாள், புதுப்பிக்க அதற்கு அடுத்த படியான ஏ2 வேண்டும், மே மாதம் அங்கேயே முடித்துவிட்டாள்.

கடைசி நேரத்தில் மாப்பிள்ளையின் மேனேஜர் ஒரு குண்டைப் போட்டார், ஜூலை 31 வரை சென்னையிலேயே இரு என்று. துணைவரும் பிரிட்டனில் இருந்தால்தான் விண்ணப்பமே செல்லும் என்ற விதியை அச்செடுத்து அவர் மேசையில் வைத்த பிறகுதான் இறங்கி வந்தார். மிச்ச வேலையை அங்கிருந்து பார்ப்பது என்று முடிவானது. ஜூன் 21 அன்று மாப்பிள்ளை லண்டன் போய்ச் சேர்ந்தார். 27ஆம் தேதி ஜூன் சம்பளம், ஸ்லிப் வர 30 ஆகிவிட்டது. சம்பள அத்தாட்சிகளில் கடைசித் தேதி விண்ணப்பத்துக்கு 28 நாளுக்கு முந்தியதாக இருக்கக் கூடாது, அதில் பிரச்சினையில்லை. ஜூலை 1, செவ்வாய்க்கிழமை இரவு, இந்தியாவில் நடுநிசி தாண்டி, வீடியோ காலில் நானும் சித்தப்பாவும் பார்த்துக்கொண்டிருக்க, பணம் கட்டிச் சமர்ப்பித்தாள். கட்டணம் 1,321 பவுண்டு, மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 1,035 வீதம் இரண்டரை வருடத்துக்கு 2,587 பவுண்டு 50 பென்ஸ். இரண்டும் சேர்த்து நாலரை லட்சம் ரூபாய்க்கு மேல். சித்தப்பா தொகையைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் தண்ணீர் குடிக்கப் போனார்.

1,000 பவுண்டு கூடக் கட்டினால் அடுத்த வேலை நாளிலேயே முடிவு என்றிருந்தது. கட்டவில்லை. தேதிக்குள் விண்ணப்பம் போட்டுவிட்டால் முடிவு வரும் வரை பழைய விசாவின் உரிமைகள் தொடரும், வேலைக்கும் போகலாம், நாட்டை விட்டு மட்டும் வெளியே போகக் கூடாது, போனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். ஆடிக்கு ஊருக்கு வரியா என்று சித்தி அறியாமல் கேட்டுவிட்டார், வீடே சேர்ந்து வேண்டாம் என்று கத்தியது.

ஏழு வாரம். ஆகஸ்டில் மின்னஞ்சல் வந்தது, 30 மாதம் கொடுத்திருந்தார்கள். கார்டு எதுவும் இல்லை, எல்லாம் இ-விசா. "கையில ஒண்ணும் தரலையா, அப்ப எப்படி நம்பறது" என்று சித்தி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நாள் எண்ணுவது முழு வீணும் இல்லை. 60 மாதம் முடிந்து, 2027 நவம்பர் வாக்கில் நிரந்தரக் குடியிருப்பு, அதை வாங்கியதும் பிரிட்டன் குடிமகனின் மனைவியாக உடனே குடியுரிமைக்கும் போடலாம். அங்கேதான் எண் வருகிறது: விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று வருடத்தில் 270 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, கடைசி ஒரு வருடத்தில் 90 நாள். அதோடு, சரியாக மூன்று வருடத்துக்கு முன் அந்தத் தேதியில் உடம்போடு பிரிட்டனில் இருந்திருக்க வேண்டும். பாப்பா 2024இல் சென்னையில் கழித்த ஒன்பது மாதம் அந்த மூன்று வருடத்துக்கு வெளியே போய்விடும், ஆனால் 2027 டிசம்பர் முதல் வாரத்தில் அவசரப்பட்டுப் போட்டால் மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த நாளில் அவள் இருந்தது குரோம்பேட்டையில், ஃபெஞ்சல் தண்ணீர் வடிவதற்காகக் காத்துக்கொண்டு. டிசம்பர் 9க்கு அப்புறம் போடு என்று சொல்லியிருக்கிறேன், சித்தப்பா அதைத் தன் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

போன வாரம் மாப்பிள்ளை போன் செய்தார். மறுபடி ஓஎம்ஆருக்கு ஆறு மாதம் போகிறாயா என்று கேட்கிறார்களாம். "என்ன சொன்னீங்க?" என்றேன்.

"எந்த ஊர் பேரோல்னு கேட்டேன் மச்சான். எச்ஆர்ல விசாரிச்சுட்டுச் சொல்றோம்னாங்க. இன்னும் சொல்லல."